திரானோ: சிவப்பு ரயில் சரி, எக்ஸ்பிரஸ் டிக்கெட் எதற்கு?

இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலை ஏறிப் போகிற பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலில் இடம் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிடைக்காவிட்டால் நல்லதாகப் போயிற்று. அதே தண்டவாளத்தில், அதே பாலங்கள் மேல், அதே பனிமலை ஓரமாக, முன்பதிவு எதுவும் கேட்காத சாதாரண சிவப்பு ரயில் பகல் முழுக்க ஏறக்குறைய மணிக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஏறுங்கள். மிச்சமாகும் காசை இந்த ரயில் புறப்படுகிற ஊரில் உட்கார்ந்து சாப்பிடச் செலவழியுங்கள். அந்த ஊர்தான் திரானோ. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு ரயிலில் ஏறுகிற இருபது நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஊர், பாவம்.

வடக்கு இத்தாலியில், லொம்பார்தி மாநிலத்தின் மேல் ஓரத்தில், வால்தெல்லினா என்ற நீளமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. சோந்திரியோ மாவட்டம். மக்கள்தொகை ஏறக்குறைய 9,000. ஊர் நடுவே அத்தா ஆறு ஓடுகிறது, இருபுறமும் மலை, வெயில் படும் பக்கம் முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டங்கள். சுவிஸ் எல்லை பக்கத்திலேயே, ரயிலில் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் தாண்டிவிடலாம்.

மிலானிலிருந்து வருவது சுலபம். சென்ட்ராலே ஸ்டேஷனில் நேர் வண்டி இருக்கிறது, சுமார் இரண்டரை மணிநேரம், இருக்கை எண் எல்லாம் கிடையாது, வந்தவர் உட்காரலாம். இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், ஏனென்றால் லெக்கோ தாண்டியதிலிருந்து கோலிகோ வரை கோமோ ஏரி அந்தப் பக்கம்தான் கூடவே வரும். நடுநடுவே குகை வந்து மறைக்கும், அப்புறம் திடீரென்று ஏரி மறுபடி விரியும். வரென்னாவில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும், அதன் பிறகு கால் நீட்டி உட்காரலாம். ரயில் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: லெக்கோவிலிருந்து சோந்திரியோ வரையான இந்தப் பாதையில் 1902-லேயே மூன்று கட்ட உயர் மின்னழுத்தத்தில் ரயில் ஓட்டிவிட்டார்கள், ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காந்தோவின் வேலை அது. அந்தப் பெருமையெல்லாம் இன்றைய கால அட்டவணைக்கு உதவுவதில்லை. லெக்கோவுக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம், எதிர் வண்டி தாமதமானால் நம் வண்டியும் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றுகொண்டே இருக்கும். சமீப ஆண்டுகளின் கோடையில் பராமரிப்பு வேலைக்காகப் பாதையையே மூடிவிட்டு மாற்றுப் பேருந்து விட்டதும் நடந்திருக்கிறது, அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்கள் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இணைப்பு ரயிலுக்கு நடுவில் பத்து நிமிடம் மட்டும் விட்டுத் திட்டம் போடாதீர்கள். நான் வந்த அன்று ஏறக்குறைய அரை மணி தாமதம், ஏன் என்று ஒரு அறிவிப்பும் இல்லை. எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்திருந்த ஒரு குடும்பம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் அடுத்த சாதாரண வண்டிக்கு நடந்து போனோம்.

திரானோவில் இரண்டு ஸ்டேஷன்கள் அடுத்தடுத்து, ஒரே சதுக்கத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. ஒன்று இத்தாலிய ரயிலுக்கு, மற்றது சுவிஸ் ரேத்தியன் ரயில்வேக்கு. இத்தாலி மண்ணில் இருந்தாலும் இரண்டாவது ஸ்டேஷனுக்குள் கால் வைத்தால் கடிகாரத்திலிருந்து குப்பைத்தொட்டி வரை சுவிஸ்தான். டிக்கெட்டுக்கு யூரோவும் வாங்குவார்கள், பிராங்கும் வாங்குவார்கள். சுங்கச் சோதனைக்கு என்று ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை, ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஷெங்கன் விசா இருந்தால் சுவிஸுக்குத் தனி விசா வேண்டாம், 2008 டிசம்பரிலிருந்து அவர்களும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

இப்போது ரயிலுக்கு வருவோம். திரானோவிலிருந்து சுவிஸ் மலை ஊரான செயின்ட் மோரிட்ஸ் வரை 61 கிலோமீட்டர், 1910-ல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. திரானோ ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 429 மீட்டர். உச்சியில் இருக்கிற ஓஸ்பிட்ஸியோ பெர்னினா 2,253 மீட்டர். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இந்த 1,800 மீட்டர் உயரத்தையும் ஏறுகிறது, அதுவும் பல்சக்கரம் இல்லாமல், வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசுகிற பிடிப்பில். ஆயிரம் மீட்டர் போனால் எழுபது மீட்டர் ஏற்றம், அவ்வளவு செங்குத்து. 2008-ல் இதே ரயில்வேயின் ஆல்புலா மலைப் பாதையோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது மலை இல்லை. முதல் இரண்டு கிலோமீட்டர். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் ரயில் வேலி தாண்டித் தெருவில் இறங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் நிறுத்தி வைத்த கார்கள், நடுவில் நாம். மதோன்னா தி திரானோ பேராலயத்துக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்தை ஒட்டியபடி அது திரும்பும்போது, காபிக் கடையில் வெளியே உட்கார்ந்திருப்பவரின் மேசைமேல் என்ன இருக்கிறது என்று ஜன்னலிலிருந்தே சொல்லிவிடலாம். திரும்பி வந்த பிறகு நாங்களும் அங்கே போய் நின்று ரயில் வருவதைப் பார்த்தோம். சிவப்பு விளக்கு மினுக்கியது, கார்கள் நின்றன, ரயில் மெதுவாக வந்து நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் மரக்கட்டை ஏற்றிய இரண்டு சரக்குப் பெட்டிகள் வேறு. ஆமாம், பயணிகள் ரயிலின் வாலிலேயே சரக்குப் பெட்டியையும் மாட்டிவிடுவார்கள். "என்னப்பா, கோயில் வாசல்லயே ரயில் போகுது, ஒருத்தரும் தலையத் தூக்கிப் பாக்கல" என்றார் அம்மா. உண்மைதான். கேமராவைத் தூக்கியவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்.

எல்லை தாண்டியதும் வருகிற முதல் ஸ்டேஷன் கம்போகொலோனோ. அங்கே ஒரு பழைய நீர்மின் நிலையம் இருக்கிறது, 1907-ல் ஓடத் தொடங்கியது, மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைப் பார்க்கலாம். இந்த ரயில் ஆரம்பத்திலிருந்தே மின்சாரத்தில் ஓடியதற்கு அதுதான் காரணம். அடுத்து கம்பாஷியோ, அதற்கு அப்புறம் எல்லோரும் எழுந்து நிற்கிற இடம்: புரூசியோ வட்டப் பாலம். ஒன்பது கண் பாலம், ரயில் அதன் மேல் ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாதைக்கு மேலேயே ஏறிப் போகிறது. சரிவு அதிகமாகிவிடாமல் உயரம் ஏற வேறு இடம் இல்லை, பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல், அதனால் சுற்றிவிட்டார்கள். வட்டத்துக்கு நடுவே புல்வெளியில் கற்சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள். மொத்தமும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் செல்போனை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பெட்டியில் இருந்தால் முன்பெட்டி பாலத்தில் வளைந்து போவது தெரியும், அதனால் கடைசிப் பெட்டிதான் சரி.

எந்தப் பக்கம் உட்காரலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. திரானோவிலிருந்து மேலே போகும்போது போஸ்கியாவோ ஏரி வலப்பக்கம். உச்சியில் லாகோ பியான்கோ ஏரியும், அதைத் தாண்டினால் மோர்த்தரட்ச் பனியாறும் இடப்பக்கம். ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இடப்பக்கம் சொல்வேன். ஆனால் ரயிலில் இடம் இருந்தால் போஸ்கியாவோ ஊர் வந்ததும் மாறிக்கொள்ளலாம். சாதாரண வண்டியில் அந்தச் சுதந்திரம் இருக்கிறது, எக்ஸ்பிரஸில் உங்கள் எண் எதுவோ அதுதான்.

போஸ்கியாவோவிலிருந்து ஆல்ப் குரூம் வரையான ஏற்றம்தான் பாதையின் உயிர். 1,014 மீட்டரிலிருந்து 2,091 மீட்டருக்கு, கொண்டை ஊசி வளைவுகளில் ரயிலே திரும்பித் திரும்பி ஏறுகிறது. போஸ்கியாவோ ஊர் ஒரு வளைவில் இடது ஜன்னலில் கீழே தெரியும், அடுத்த வளைவில் வலது ஜன்னலில் இன்னும் சின்னதாக. அம்மாவுக்குக் காது அடைத்தது, எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது, எச்சில் விழுங்கிக்கொண்டே போனோம். ஆல்ப் குரூமில் இறங்கினால் எதிரே பாலூ பனியாறு. கார் போகும் சாலை கிடையாது அங்கே, ரயிலில் வரவேண்டும் அல்லது நடந்து வரவேண்டும். ஸ்டேஷன் கட்டடத்திலேயே ஓர் உணவகம் இருக்கிறது. காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள் போல, இரண்டு காபிக்கு நான் கொடுத்ததில் கீழே திரானோவில் நாலைந்து பேர் குடித்திருக்கலாம்.

நாள் பயணமாக வருகிறவர்கள் செயின்ட் மோரிட்ஸ் வரை போயே தீரவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். முழுத் தூரம் ஒரு வழிக்கு இரண்டேகால், இரண்டரை மணிநேரம். போய் வந்தால் நாளே போச்சு. செயின்ட் மோரிட்ஸில் கண்ணாடிக்குள் கைக்கடிகாரம் பார்ப்பதுதான் வேலை என்றால், ஆல்ப் குரூம் அல்லது அதற்கு அடுத்த ஓஸ்பிட்ஸியோ பெர்னினாவோடு திரும்பிவிடலாம். ஓஸ்பிட்ஸியோவில் ஒரு சின்ன விஷயம்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள், ஒன்று வெளுத்த லாகோ பியான்கோ, இன்னொன்று கருத்த லேய் நாய்ர். வெள்ளை ஏரியின் தண்ணீர் தெற்கே இறங்கி அத்தா, போ ஆறுகள் வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. கருப்பு ஏரித் தண்ணீர் இன் ஆற்றில் கலந்து தன்யூபாகி கருங்கடலுக்குப் போகிறது. நடுவே நடந்து தாண்டக்கூடிய தூரம்தான்.

சரி, எக்ஸ்பிரஸில் அப்படி என்னதான் இருக்கிறது? கூரை வரை வளைந்து போகிற பெரிய கண்ணாடி. உட்கார்ந்தபடி மலை உச்சி வரை தெரியும், குனிந்து பார்க்க வேண்டாம், அது ஒன்று நிஜமாகவே சுகம். முதுகு வலி இருப்பவர்கள், சின்னக் குழந்தையோடு வருகிறவர்கள், சுவிஸில் இருக்கிற கூர் என்ற ஊரிலிருந்து நாலு மணிநேரத்துக்கு மேல் இறங்காமல் வரப்போகிறவர்கள் அதையே எடுக்கலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடி திறக்காது. படம் எடுத்தால் எதிர் வரிசைக்காரரின் மஞ்சள் ஜாக்கெட்டும் சேர்ந்து விழும். நடு ஊரில் இறங்கிவிட்டால் அந்த இருக்கைப் பதிவு அடுத்த வண்டிக்குச் செல்லாது. டிக்கெட்டுக்கு மேல் இருக்கைப் பதிவுக் கட்டணம் தனியாக வாங்குகிறார்கள், பருவத்துக்குப் பருவம் அது மாறும், திரானோ–செயின்ட் மோரிட்ஸ் மாதிரிக் குறைந்த தூரத்துக்கு டிக்கெட் விலையில் பாதிக்குக் குறையாது. சுவிஸ் டிராவல் பாஸ் அல்லது யூரெயில் வைத்திருப்பவர்களும் இந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆகவேண்டும். சாதாரண வண்டியில் அந்தப் பாஸை மட்டும் காட்டினால் போதும், திரானோ வரைக்கும் செல்லும்.

சாதாரண வண்டியிலும் குறை இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் ஜன்னல் திறக்காது, புது அலெக்ரா வகைப் பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பழைய பெட்டிகளைத் தேடிப் போய் உட்காரவேண்டும். இறக்கக்கூடிய கண்ணாடி இருக்கிறதா என்று பிளாட்பாரத்தில் நின்றே பார்த்துவிட்டு ஏறுங்கள். கோடை நாட்களில் சில வண்டிகளில் கூரையே இல்லாத மஞ்சள் நிறத் திறந்த பெட்டி ஒன்றை மாட்டுவார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் ஜூலையிலும் மேலே போகப் போகக் குளிரும், குகைக்குள் போனால் பல் கிட்டும், குளிருக்கு ஸ்வெட்டர் எதுவும் எடுக்காமல் ஏறி நின்ற ஒரு பெண் பாதி வழியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று, சுற்றுலாக் குழு ஒன்று மொத்தமாக ஏறிவிட்டால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் போவதுதான் உத்தமம்.

இனி சாப்பாடு. இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

இந்தப் பள்ளத்தாக்கின் சாப்பாடு என்றால் பிட்ஸொக்கெரி. பாப்பரை (பக்வீட்) என்ற தானிய மாவில் செய்த, பழுப்பு நிறத்தில், விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தட்டையாகக் கத்தரித்த பாஸ்தா. அதை உருளைக்கிழங்கோடும் சவாய் முட்டைக்கோசோடும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, வடித்து, ஓர் அடுக்கு பாஸ்தா, ஓர் அடுக்கு கசேரா என்ற உள்ளூர் சீஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் பூண்டு சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயை மேலே ஊற்றுவார்கள். திரானோவுக்குப் பக்கத்தில் தெல்யோ என்ற ஊர் இருக்கிறது, அங்கே இதற்கென்று ஓர் அகாடமியே வைத்து அளவு எழுதி வைத்திருக்கிறார்கள்: 400 கிராம் பாப்பரை மாவு, 100 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் வெண்ணெய், 250 கிராம் கசேரா சீஸ், 150 கிராம் துருவிய கிரானா சீஸ், 200 கிராம் கோசு, 250 கிராம் உருளைக்கிழங்கு. நாலு பேருக்கு. வெண்ணெய் அளவை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். 2016-ல் வால்தெல்லினா பிட்ஸொக்கெரிக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

முதலில் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு கடையில் உட்கார்ந்தோம். பெயர் வேண்டாம். நாலைந்து மொழியில், படம் போட்ட மெனு, வாசலிலேயே கூப்பிடும் ஆள், இவ்வளவும் பார்த்த பிறகும் பசியில் உள்ளே போனோம். தட்டு வந்தபோதே ஆறியிருந்தது. இந்தப் பண்டம் ஆறினால் தீர்ந்தது கதை, சீஸ் ஒரு பக்கம் ரப்பராக இழுக்கும், வெண்ணெய் அடியில் உறைந்து நிற்கும், கோசு வாடை மட்டும் மிஞ்சும். சூடாக்கித் தரமுடியுமா என்று கேட்டதற்கு அந்தப் பரிசாரகர், இப்படித்தான் இருக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று கொப்பெர்த்தோ சேர்த்திருந்தார்கள், அது இத்தாலியில் எங்கேயும் உள்ளதுதான், ஏமாற்று இல்லை, ரொட்டியும் மேசைவிரிப்பும் அந்தக் கணக்கில் வரும். கோபம் சாப்பாட்டின் மேல்தான்.

மறுநாள் ஆற்றைத் தாண்டிப் பழைய ஊருக்குள் போனோம். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மதிலின் மிச்சம் அங்கே இருக்கிறது, மூன்று வாசல்கள்: மிலானைப் பார்த்தது, போர்மியோவைப் பார்த்தது, போஸ்கியாவோவைப் பார்த்தது. கல் பாவிய சந்துகள், சத்தம் கிடையாது. போஸ்கியாவோ வாசல் பக்கம் எட்டே மேசை போட்ட ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை, மெனு இத்தாலியத்தில் மட்டும், கையால் எழுதியது. அங்கே பிட்ஸொக்கெரி பாத்திரத்தோடு வந்தது. மேசைக்கு அருகில் நின்றுகொண்டே அந்த அம்மாள் கரண்டியால் கீழிருந்து மேலாக ஒருமுறை தூக்கிவிட்டார், சீஸ் நூல் நூலாக எழுந்தது, மேலே ஊற்றிய வெண்ணெய் இன்னும் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது, பூண்டு பொன்னிறம் தாண்டிக் கருகும் முன் நின்றிருந்தது. பாப்பரை மாவுக்கு ஒரு லேசான கசப்பு உண்டு, மண்வாசனை மாதிரி ஒன்று, அந்தக் கசப்புதான் இவ்வளவு வெண்ணெயையும் தாங்குகிறது. கோதுமைப் பாஸ்தாவில் இதையே செய்தால் மூன்றாவது வாயில் திகட்டிவிடும். அம்மா மிளகுத்தூள் கேட்டு வாங்கித் தாராளமாகப் போட்டுக்கொண்டார். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்தாலும் போதும், நாங்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டு மாலை வரை நடந்தே செரிக்கவேண்டியிருந்தது.

இதற்கு முன்னால் ஷியாட் சொல்லுங்கள். பாப்பரை மாவில் துளி கிராப்பா என்ற சாராயம் விட்டுக் கரைத்து, கசேரா சீஸ் துண்டை முக்கி எண்ணெயில் போட்டு எடுப்பது, கீழே பச்சையாக நறுக்கிய சிகோரிக் கீரை. சுருக்கமாகச் சொன்னால் உள்ளே சீஸ் உருகி ஓடுகிற பஜ்ஜி. கடிக்கும்போது கவனம், நாக்கு வெந்துவிடும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. பிட்ஸொக்கெரியிலும் ஷியாட்டிலும் இறைச்சி கிடையாது. ஆனால் கசேராவும் இந்தப் பக்கத்தின் இன்னொரு சீஸான பித்தோவும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுபவை, அதைத் தவிர்க்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மெனுவில் முதலில் கண்ணில் படும் ப்ரேசாவோலா, உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி. மாடு சாப்பிடுகிறவர்களுக்கு அது இங்கே கிடைப்பதைவிட நல்லதாக எங்கேயும் கிடைக்காது, காகிதம் மாதிரி சீவித் தருவார்கள். வைன் குடிக்கிறவர்கள் ஸ்ஃபோர்ட்ஸாத்தோ கேளுங்கள், அந்தப் படிக்கட்டுத் தோட்டங்களில் விளையும் நெப்பியோலோ திராட்சையைப் பறித்து மாதக்கணக்கில் உலரவைத்துப் பிழிவது, மதியம் ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம், தலைக்கு ஏறும்.

நேரம் முக்கியம். சமையலறை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, அப்புறம் இரவு ஏழு மணிக்குத்தான். மூன்று மணிக்கு ரயிலிலிருந்து இறங்கிச் சாப்பாடு கேட்டால் பாதிக் கடைகளில் சாண்ட்விச்சைத்தான் காட்டுவார்கள்.

பேராலயத்தைப் பற்றி இரண்டு வரி. 1504 செப்டம்பர் 29 அன்று மாரியோ ஒமோதேயி என்பவருக்கு மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை, அடுத்த ஆண்டே அந்த இடத்தில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே ஒரு சுவர் முழுக்க மரத்தில் செதுக்கிய ஆர்கன் கூடு இருக்கிறது, அதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊருக்கு ரத்தம் தோய்ந்த சரித்திரமும் உண்டு. 1512 முதல் 1797 வரை இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டது இன்றைய சுவிஸின் கிராபுந்தன் பகுதிக்காரர்கள். 1620 ஜூலையில் கத்தோலிக்கர்கள் புரோட்டஸ்டன்ட்களைக் கொன்று குவித்த கலவரம் திரானோவில்தான் தொடங்கியது. 1797-ல் நெப்போலியன் வால்தெல்லினாவைப் பிரித்து இத்தாலியப் பக்கம் சேர்த்தார், போஸ்கியாவோ மட்டும் மேலே அவர்களோடேயே நின்றுவிட்டது. அதனால்தான் எல்லை தாண்டி ஒரு மணிநேரம் போனாலும் ஸ்டேஷன் அறிவிப்பும் கடைப் பலகையும் இத்தாலியத்திலேயே இருக்கின்றன, விலை மட்டும் சுவிஸ் ஆகிவிடுகிறது.

அந்த விலை வித்தியாசம்தான் ஊரை இன்றும் ஓட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் திரானோக்காரர்கள் மேலே வேலைக்குப் போகிறார்கள், மாலையில் சுவிஸ் பதிவெண் கார்கள் கீழே சூப்பர்மார்க்கெட்டுக்கு வருகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுபதுகள் வரை காபிக்கொட்டையையும் சிகரெட்டையும் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு இரவில் மலைப்பாதையில் கடத்தியவர்களின் ஊர்கள் இவை, இப்போது பகலில், ரசீதோடு நடக்கிறது. சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் சாமான் வாங்க வருவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஜனவரியிலிருந்து வரியில்லாமல் கொண்டுபோகும் வரம்பு ஆளுக்கு 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காகக் குறைந்துவிட்டது, இறைச்சி ஒரு கிலோ, வெண்ணெய் ஒரு கிலோ, அதற்கு மேல் தீர்வை கட்டவேண்டும்.

வாங்கிவர என்றால் பாப்பரை மாவு, உலர்ந்த பிட்ஸொக்கெரிப் பொட்டலம், காற்றெடுத்துக் கட்டிய கசேரா, இலையுதிர் காலம் என்றால் இந்தப் பள்ளத்தாக்கின் ஆப்பிள். ஸ்டேஷன் எதிரே அழகான ரிப்பன் கட்டி விற்கிற அதே பொட்டலம் பத்து நிமிட நடையில் இருக்கிற சூப்பர்மார்க்கெட்டில் ரிப்பன் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எங்கள் பொட்டலம் வீட்டில் சமைத்தபோது நன்றாகவே வந்தது, உள்ளூர் சீஸ் மட்டும் தீர்ந்துபோய் வேறு சீஸ் போட்டோம், அந்த வாசனை இல்லை.

செல்போன் விஷயம் மறந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் கார்டு வைத்திருப்பவர்கள் ரயில் புறப்பட்டதும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்தின் இலவச ரோமிங் அங்கே செல்லாது. வளைவில் நின்று வீடியோ ஏற்றியதற்கு வரும் பில், எக்ஸ்பிரஸ் பதிவுக் கட்டணத்தையே மிஞ்சக்கூடும்.

எப்போது போகலாம்? ஜூலை ஆகஸ்டில் பகல் முழுக்கக் குழுக்கள், காலை முதல் வண்டிகளில் மட்டும்தான் மூச்சு விடலாம். குளிர்காலத்தில் பனி அபாரம், ஆனால் லாகோ பியான்கோ உறைந்து பனி மூடிவிடும், எது ஏரி எது தரை என்று தெரியாது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி. மேலே புல் சிவந்திருக்கும், கீழே திராட்சை பறிக்கும் சமயம், கூட்டம் பாதியாகியிருக்கும். 29-ஆம் தேதியை ஒட்டிப் போனால் மட்டும் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், மாதா காட்சி தந்த நாள் என்பதால் சுற்றுவட்டாரமே கோயிலுக்கு வந்து நிற்கும்.